வெர்லீன் மேசையில் மூன்று குவியல்

உறையை முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு மூலையில் கத்திமுனையை நுழைத்து ஒரே இழுப்பு. உள்ளே இருக்கும் தாளை உருவி, உறைக்குள் இரண்டு விரல் விட்டுத் துழாவி, வேறொன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் அடுத்த உறை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அதற்குள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

"அது வெறும் விளம்பரம்மா. தூக்கிப் போடுங்க."

"போடலாம். கிழிச்சுப் பாத்துட்டுப் போடலாம். கிழிக்காம எதுவும் இந்த மேசையில குப்பைக்குப் போகாது."

நவம்பர் முதல் தேதியிலிருந்து ஜனவரி பதினைந்து வரை, ஹேன்லி ஃபெரி நூலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் வரிப் படிவ அடுக்குக்கும் நடுவில் போட்டிருக்கும் மேசையில் வெர்லீன் டாக்கெட்டைப் பார்க்கலாம். அரசின் காப்பீட்டுச் சந்தையில் மருத்துவத் திட்டம் வாங்குகிறவர்கள் அந்த இரண்டரை மாதத்துக்குள்தான் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும். மாற்றித் தர, ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் ஒரே ஆள் அவள். அறுபத்து மூன்று வயது. நெட்டை உடம்பு. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது ஒரு பழைய ஷூ கயிற்றில். கையில் இருக்கும் கத்தியும் ஷூவுக்குத் தோல் சீவுகிற கத்திதான். ஊரிலிருந்த ஷூ தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கணக்கெழுதினாள். தொழிற்சாலை மூடியபோது வேலையோடு காப்பீடும் போயிற்று. தனக்கு ஒரு திட்டம் வாங்கத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை அப்புறம் பக்கத்து வீட்டுக்குச் செய்து கொடுத்தாள், அப்புறம் தெருவுக்கு, அப்புறம் ஊருக்கு. இப்போது ஒரு தொண்டு நிறுவனம் சொற்பச் சம்பளம் தருகிறது. நூலகத்துக்குள் கத்தி கூடாது என்று நூலகர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி, அப்ப நீங்களே பல்லால கிழிச்சுக் குடுங்க" என்றாள். கத்தி மேசையிலேயே இருக்கிறது.

வருகிறவர்களிடம் பெயரைக் கேட்க மாட்டாள். "பேரு எங்கயும் ஓடிடாது. டாக்டர் யாரு, அதச் சொல்லு. மாத்திரை டப்பாவ எல்லாம் கொட்டு." டப்பாக்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் புதுத் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் தேடுவாள். மருத்துவரையும் அப்படியே. மாதத் தொகை குறைவு என்று பாய்ந்து மாறுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆனால் இதை எடு, அதை விடு என்று அவள் சொல்லக்கூடாது. அவள் வேலைக்கு அது விதி. பட்டியலைப் படித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

"வெர்லீன், நீயா இருந்தா எத எடுப்ப?" என்று கேட்டார் லாரி ஓட்டும் வெண்டல்.

"நான் நீ இல்லயே வெண்டல். உன் முட்டிக்கால் என்கிட்ட இல்ல. உன் முட்டிக்கால் டாக்டரு இந்தப் பிளான்ல இல்ல. நான் படிக்கத்தான் செய்யறேன்."

கிழித்த தாள்கள் மூன்று குவியலாகும். வைத்துக்கொள்ள ஒன்று, இன்றைக்கே செய்ய ஒன்று, குப்பை ஒன்று. குப்பைதான் மலை மாதிரி வளரும். இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊர்த் தபால்பெட்டிகளில் காப்பீட்டு விளம்பரங்கள் கொட்டும். கழுகுப் படம், கொடிப் படம், 'மிக முக்கியம்' என்று சிவப்பு எழுத்து, பார்த்தால் அரசாங்கமே கைப்பட எழுதியது போல் இருக்கும். உண்மையான கடிதமோ ஒரு அலங்காரமும் இல்லாமல் வெள்ளையாக வரும். சனங்கள் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் சமையலறை டிராயரில் போட்டுச் சாத்திவிடுவார்கள். ஊரில் அப்படி ஒரு டிராயர் இல்லாத வீடு கிடையாது. குப்பைக் குவியலிலும் சனங்களின் எண்களும் நோய்களும் இருக்கின்றன என்பதால், பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே தாள் நுழையும் அளவுக்கு ஒரு கீற்று. உள்ளே போனது திரும்பி வராது. வெள்ளிக்கிழமை வண்டி வந்து மாவாக அரைக்க எடுத்துப் போகும்.

அவளிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தியதும் எல்லோரும் எழுந்து கோட்டை மாட்டப் பார்ப்பார்கள். விடமாட்டாள். "உக்காரு. முதல் மாசப் பணம் கட்டல இன்னும்." வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்கிறேன் என்றால் காதில் வாங்க மாட்டாள். புதுக் கம்பெனிக்குத் தானே போன் போட்டு, வந்தவர் கையில் கொடுத்து, பணம் கட்டியதற்கான எண்ணை எழுதி வாங்கின பிறகுதான் நாற்காலியை விட்டு எழ விடுவாள். அப்போதும் 'முடிஞ்சுது' என்ற சொல் அவள் வாயிலிருந்து வராது. வேண்டுமென்றே கேட்டுச் சீண்டுகிறவர்கள் உண்டு. "முடிஞ்சுதா வெர்லீன்?" "கட்டியாச்சு" என்பாள். "அட, முடிஞ்சுதான்னு கேக்கறேன்." "கட்டியாச்சுன்னு சொல்றேன்ல."

ஒரு காலத்தில் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொன்னவள்தான். நான்கு வருடம் முந்திய டிசம்பரில் கூரை வேயும் ஹார்லன் பிரூவிட்டிடம், "முடிஞ்சுது ஹார்லன், நிம்மதியா வீட்டுக்குப் போ" என்றாள். ஹார்லன் போனார். பழைய கம்பெனிக்கு மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. புதியதற்கும் அப்படியே போகும் என்று நினைத்தார். அது அப்படியில்லை. கம்பெனி மாறினால் முதல் மாதத்துப் பணத்தை நாமே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புதுத் திட்டம் பிறக்கவே பிறக்காது. பழையதோ டிசம்பர் கடைசியில் செத்திருக்கும். ஹார்லன் தொண்டையில் ஒரு கட்டியோடு பிப்ரவரியில் மருத்துவரிடம் போனபோது, "உங்க பேர்ல ஒண்ணும் இல்லயே ஐயா" என்றார்கள். மாற்றுகிற காலம் தாண்டிவிட்டது. அடுத்த நவம்பர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஹார்லன். நவம்பர் வந்தது. கட்டி அதற்குள் தொண்டையிலிருந்து நெஞ்சுக்குப் பரவியிருந்தது. மார்ச்சில் ஆளே இல்லை.

அவர் மனைவி ஓலீட்டா சவ அடக்கத்தன்றே, சர்ச் வாசலில், நாலு பேர் கேட்கச் சொன்னாள். "முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பினாளே. முடிச்சுட்டா." வெர்லீன், அடக்கத்துக்குப் பிறகான சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு அப்படியே திரும்பி நடந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதிகள். அதன் பிறகு கடையில் எதிர்ப்பட்டால் ஓலீட்டா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வாள். வெர்லீன் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பணம் கட்டச் சொல்லித் தான் எச்சரித்திருக்க வேண்டும் என்று அவளே நம்பினாள். இரவு பகல் அதே நினைப்பு.

அந்த ஓலீட்டா போன டிசம்பர் பதினைந்தாம் தேதி மூன்றரை மணிக்கு மேசை முன் வந்து நின்றாள். கையில் மளிகைப் பை நிறைய உறைகள். மூச்சு வாங்கியது.

"வேற ஆள் இல்லயா இங்க?" என்றாள்.

"இல்ல. உக்காரு ஓலீட்டா."

"உக்காரத்தான் வந்திருக்கேன். உங்களப் பாக்க வரல."

வெர்லீன் 'உங்கள'வை விழுங்கிக்கொண்டாள். "டாக்டர் யாரு?"

விஷயம் இதுதான். ஓலீட்டாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஜனவரி ஒன்பதாம் தேதி அறுவைக்கு நாள் குறித்திருந்தது. முந்தின நாள்தான் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்து, புது வருடத்திலிருந்து அவளுடைய திட்டத்தை அந்த ஆஸ்பத்திரி ஏற்காது என்று சொன்னாளாம்.

"தள்ளிப் போட முடியுமான்னு கேட்டேன். பிப்ரவரி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாராம்."

"இன்னிக்கு மாத்தினா புதுப் பிளான் ஜனவரி ஒண்ணுல ஆரம்பிக்கும். நாளைக்கு மாத்தினா பிப்ரவரி ஒண்ணு" என்றாள் வெர்லீன். சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். நூலகம் ஆறு மணிக்குச் சாத்திவிடும்.

கணினியில் வரிசை நீண்டிருந்தது. ஜனவரி ஒன்றிலிருந்து திட்டம் வேண்டுமென்றால் அன்றுதான் கடைசி நாள், தேசமே அந்த வாசலில் நின்றது. 'காத்திருக்கவும்' என்ற பக்கம் அசையாமல் நிற்க, வெர்லீன் சும்மா இருக்க முடியாமல் பையைக் கவிழ்த்துக் கிழிக்க ஆரம்பித்தாள். கழுகு, கொடி, கழுகு. குப்பை வளர்ந்தது. நடுவில் ஒரு வெள்ளை உறை.

"ஆஸ்பத்திரி பட்டியல்லேருந்து போகுதுன்னு உன் கம்பெனியே எழுதியிருக்கு. அக்டோபர் பன்னெண்டு."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. யாருக்குத் தெரியுது? டிராயரோட அப்படியே கொட்டிட்டு வந்தேன்" என்று ஓலீட்டா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சாலை உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது.

அடிக்குவியலில் இருந்து வந்தது அடுத்த வெள்ளை உறை. ஓரம் மஞ்சளாகியிருந்தது. முகவரியில் ஹார்லன் பிரூவிட் என்று இருந்தது. தபால் முத்திரை நான்கு வருடம் முந்திய டிசம்பர் இருபத்தாறு. ஒட்டின ஒட்டு அப்படியே இருந்தது. இந்த மாதிரி உறைக்குள் என்ன இருக்கும் என்று வெர்லீனுக்குத் திறக்காமலே தெரியும். 'வருக' என்று ஒரு வரி, முதல் மாதப் பணத்தை இந்தத் தேதிக்குள் கட்டவும் என்று ஒரு வரி. கத்தியை மூலைக்குக் கொண்டுபோகும்போது உறை புரண்டது. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு மளிகைப் பட்டியல். பள்ளி நாளிலிருந்து வெர்லீன் அறிந்த சாய்வெழுத்து, ஓலீட்டாவுடையது.

முட்டை. சோளமாவு. ஹார்லனுக்குத் தொண்டை மிட்டாய்.

நிமிர்ந்து பார்த்தாள். ஓலீட்டா இன்னும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லீனுக்குக் கோபம் காது வரை ஏறியது. ஏறக்குறைய மூன்று வருடம். ஒரு சர்ச் வாசல். ஊர் முழுக்கத் தலைகுனிந்து நடந்தாளே, எதற்கு? உறையை அவள் முகத்துக்கு நேராக நீட்டிவிட வேண்டும் போலிருந்தது. கணினி 'டிங்' என்றது. வரிசை வந்துவிட்டது. உறையைப் பட்டியல் பக்கம் கீழே இருக்கும்படி பென்சில் டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு வேலையில் இறங்கினாள்.

அந்த ஆஸ்பத்திரியை ஏற்கும் திட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்றில் அறுவை செய்யும் மருத்துவர் இல்லை. வெர்லீன் இரண்டையும் வரி வரியாகப் படித்தாள். மருத்துவர் இல்லாத இடத்தில் குரல் தானாகவே உயர்ந்தது. ஓலீட்டா மருத்துவர் இருக்கும் மற்றதைச் சொன்னாள். அழுத்தும்போது மணி ஐந்து ஐந்து.

"சரி, நான் கிளம்பறேன்."

"உக்காரு."

புதுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பாட்டு, மறுபடி அதே பாட்டு. நூலகர் பாதி விளக்குகளை அணைத்தார். வெர்லீன், வருகிறவர்களுக்கென்று மேசையில் வைத்திருக்கும் வேர்க்கடலை வெண்ணெய் உருண்டைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஓலீட்டா தொடவில்லை.

"அன்னிக்கு அவருக்கும் இப்படி உக்கார வெச்சுப் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள் திடீரென்று. குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது.

"பண்ணியிருக்கணும்" என்றாள் வெர்லீன்.

"ஒரு கடுதாசி கூட வரலன்னு சொன்னாரு. சாகற வரைக்கும் அதையே சொன்னாரு. நானும் தேடிப் பாக்கல. பாத்தா என்ன ஆகும்னு பயம்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "இந்த டிராயர்ல போடறதோட சரி, உள்ள பாத்து மூணு வருஷம் ஆச்சு, வெர்லீன்."

அந்தச் சர்ச் வாசலுக்குப் பிறகு முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு மனிதக் குரல் கேட்டது. ஓலீட்டா வங்கி எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டிய எண் பதினொரு இலக்கம். வெர்லீன் இரண்டு தடவை படித்துக் காட்டி, எழுதி, மடித்து, ஓலீட்டாவின் கைப்பையில் தானே வைத்தாள். நூலகர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"முடிஞ்சுதா?"

"கட்டியாச்சு."

ஓலீட்டா கோட்டை மாட்டினாள். வெர்லீன் குப்பைக் குவியலை அள்ளி அள்ளி இரும்புப் பெட்டியின் கீற்றில் தள்ளினாள். கழுகுகள் எல்லாம் உள்ளே போயின. மேசையில் பென்சில் டப்பா மட்டும் நின்றது. ஓலீட்டாவின் பார்வை அதனடியில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை ஓரத்தில் தங்கியது.

"அது? ஒண்ணு மிச்சம் இருக்கே. கிழிக்கலயே நீ."

வெர்லீன் டப்பாவை நகர்த்தி, உறையை எடுத்து, முகவரிப் பக்கத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, பட்டியல் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"விளம்பரம்" என்று சொல்லி, கிழிக்காமலே அதைக் கீற்றுக்குள் தள்ளிவிட்டாள்.