திருப்புளி டீச்சரின் சனிக்கிழமை அறை

எங்கள் பள்ளியில் எனக்கு என்ன மரியாதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டு டீச்சர். பரீட்சை நெருங்கினால் என் பாடவேளையைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், நெருங்காவிட்டால் ஆங்கில டீச்சர் எடுத்துக்கொள்வார். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நகம் வெட்டியிருக்கிறார்களா, நெயில் பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் யாரும் பங்குக்கு வராத என் ஒரே வேலை. என் பாடவேளையை ஒருநாளும் கேட்காதவள் அறிவியல் டீச்சர் ஒருத்திதான். "பிள்ளைங்க ஓடட்டும் விடு" என்பாள். அதனாலேயே அவளிடம் ஒட்டிக்கொண்டேன். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் திருப்புளி டீச்சர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி என்கிற ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கல்யாணமான புதிதில் மாமியார், வீட்டிலிருந்த திருப்புளிகளையெல்லாம் ஒளித்து வைத்தாராம். மருமகள் மிக்ஸியைப் பிரித்துப் பரப்பிய கோலத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். இப்போது அதே மாமியார் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் "எங்க மருமக பாத்துக்குவா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கணவர் மட்டும் டி.வி. கோளாறானால் வீட்டில் மூச்சு விடமாட்டார், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்.

இதற்கெல்லாம் ஒரு பழைய கணக்கு உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது ரேடியோ, மேசை விசிறி, தண்ணீர் மோட்டார் என்று எது நின்றாலும் அப்பாவும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். இவளுக்கு ஒரே வேலை, டார்ச் பிடிப்பது. "ஆட்டாம பிடி." அப்பா அவளுக்குச் சொல்லித்தந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். எந்தக் கம்பி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அண்ணனுக்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிடுவாள். சொன்னால், வெளிச்சம் விலகுகிறது என்று திட்டு விழும். அந்த அண்ணன் இன்று துணிக்கடை வைத்திருக்கிறான், பல்பு மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிறான். இதைச் சொல்லும்போது அவள் சாதாரணமாகத்தான் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். கெட்டவர் இல்லை. பொருள் உடையக் கூடாது, பிள்ளை விழக் கூடாது, யாரும் வந்து கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் நிர்வாகம். அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் மைக்ராஸ்கோப், தராசு, குடுவைகள். விருந்தாளி வந்தால் அதன் முன் நிறுத்தி, "எத்தனை வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது" என்பார். கீறல் எப்படி விழும்? எந்தப் பிள்ளையின் கையும் பட்டதே இல்லை. வாரம் ஒருமுறை கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்கும் பாக்கியம் மட்டும் ஏழாம் வகுப்புக்கு உண்டு.

இவள் அந்த அலமாரியைக் கேட்டுக் கெஞ்சவில்லை. பின்பக்க நடைவழியின் கோடியில் உடைந்த நாற்காலிகளை அடைத்துவைத்திருந்த அறையைக் கேட்டாள். அந்த நடைவழியில் விளக்குகூடக் கிடையாது. அங்கே யார் போகப்போகிறார்கள் என்று கட்டியவர் நினைத்திருப்பார். பெரிய சாரும் யார் போகப்போகிறார்கள் என்றுதான் சரி சொன்னார். சனிக்கிழமை தோறும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் போனார்கள். வீட்டில் செத்துக்கிடந்த இஸ்திரிப் பெட்டி, கடிகாரம், விசிறி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. சும்மா நின்று பார்ப்பவர்களுக்கு இடமில்லை. உள்ளே வந்தால் எதிலாவது கை வைக்க வேண்டும். என் ஒலிபெருக்கி கரகரக்கிறது, பார்த்துக்கொடு என்று ஒருநாள் போனேன். திருப்புளியை என் கையில் திணித்து, நாற்காலியைக் காட்டினாள்.

"எதை எடுத்தாலும் முதல்ல என்ன பாக்கணும்?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"திருகாணி எங்க இருக்குன்னு பாக்கணும் டீச்சர்" என்று மொத்த அறையும் எனக்குப் பாடம் எடுத்தது. உள்ளே போக வழியில்லாத பொருளை யாரும் செய்வதில்லை, செய்தவன் திருகாணியை எங்காவது வைத்துத்தான் இருப்பான் என்பது அவள் வாதம். ஒலிபெருக்கியில் அது லேபிளுக்கு அடியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் காட்டியது மிளகு.

மிளகு ஏழாம் வகுப்பு. ஆள் இத்துனூண்டு, காரம் ஊருக்கே போதும். அம்மா தையல்காரர். இந்த மிளகுதான் ஒரு சனிக்கிழமை கம்பிக்கு ஈயம் பற்றவைக்கும்போது சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டாள். தண்ணீரில் காட்டினாள், மருந்து போட்டாள், மறுபடி வந்து உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் விஷயம் பெரிய சார் காதுக்குப் போய்விட்டது. அம்மாவை வரச் சொன்னார். நடந்ததற்கு வருந்துவதாகவும், இனிமேல் பிள்ளைகளைக் கருவிகள் பக்கமே விடப்போவதில்லை என்றும் நீளமாகப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

தையல்காரம்மா மகளின் சட்டைக் கையைத் தூக்கி, முழங்கைக்குக் கீழே இருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

"இது அடுப்புல எண்ணெ தெறிச்சது சார். இதைவிடப் பெருசு. அப்ப யாரும் கூட்டம் போடலயே?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பெரிய சார் அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை. பெற்றோர் வரும் நாளில் அறிவியல் காட்சி உண்டு, ஆனால் டீச்சர்தான் செய்து காட்ட வேண்டும், பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவு சொன்னார். அன்றைக்கு ஒரு பிள்ளை கருவியைத் தொட்டாலும் அறைக்குப் பூட்டு.

"பாத்தாலே கத்துக்கலாம் டீச்சர். கண்ணு எதுக்கு இருக்கு?" என்றார்.

இவள் "சரி சார்" என்றாள். அந்த 'சரி' எனக்குப் பழக்கம். அதற்குப் பிறகு நல்லது எதுவும் நடந்ததில்லை.

காட்சிக்கு அவள் செய்தது சின்ன மோட்டார். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், ஊக்குகளின் காதில் தொங்கும் தாமிரக் கம்பிச் சுருள். பார்க்க ஒன்றுமில்லை, ஓடினால் கண்ணை எடுக்க முடியாது. அந்தக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும். முனையில் அதைச் சுரண்டினால்தான் கரண்ட் பாயும். ஒரு முனையை முழுக்கச் சுரண்டவேண்டும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. முந்தின நாள் மாலை மோட்டார் ஜோராக ஓடியது. மேசையைத் துடைத்து வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கூடம் நிறையப் பெற்றோர். மிளகும் மற்றவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டீச்சர் சுருளை ஊக்குகளில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். சுருள் சுற்றவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் தொட்டில்போல ஆடி நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி ஆடி நின்றது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நேத்து பிள்ளைங்க இதைத் தொட்டாங்களா?" என்று பெரிய சார் கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் மிளகு. "தொடைக்கிறப்ப பாத்தேன். ஒரு முனை பாதி அழுக்கா இருந்துச்சு. முழுசா சுரண்டிட்டேன்."

ஒரு பையனாக இருந்தால் பாதி அழுக்கை அப்படியே விட்டுவிட்டு விளையாடப் போயிருப்பான், சத்தியம் செய்கிறேன். இவள் பெண்பிள்ளை. பாத்திரத்தில் பிசுக்கு இருந்தால் மறுபடி தேய் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த கை. பாதி சுரண்டிய முனையைப் பார்த்துவிட்டு அந்தக் கை சும்மா இருக்குமா?

பெரிய சார் பெற்றோர் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா, இதற்குத்தான் தொடவேண்டாம் என்பது என்றார். குரலில் கோபம்கூட இல்லை, நிம்மதிதான் இருந்தது. டீச்சர் வேறு கம்பி எடுத்து அவரே சரிசெய்து காட்டுவார் என்றார். அவள் நினைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் செய்திருப்பாள். பூட்டும் வந்திருக்காது. அவள் மேசையிலிருந்து விலகி, தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆமா சார், அவ தொட்டுத்தான் கெட்டுச்சு. அவளே தொட்டு சரிபண்ணட்டும். மிளகு, இங்க வா."

மிளகு பெரிய சாரைப் பார்க்கவில்லை, தன் அம்மாவைத்தான் பார்த்தாள். தையல்காரம்மா தலையை மட்டும் அசைத்தார். மிளகு வந்து குனிந்து, சுருளை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். சுட்ட விரலில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"பாதி சுத்து வரைக்கும் தள்ளுது டீச்சர். மீதி பாதியில திருப்பி இழுக்குது." சுருளை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பாதியில கரண்ட் நிக்கணும். அது அழுக்கு இல்ல. அது அங்க இருக்கணும்."

பிறகு தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து சிவப்பு நெயில் பாலிஷை வெளியே எடுத்தாள். மொத்தப் பள்ளியும் என்னைப் பார்த்தது. நான் மேலே விசிறியைப் பார்த்தேன், நல்ல விசிறி. அவள் முனையில் ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் தடவினாள், ஊதினாள். பிள்ளைகள் எல்லோரும் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்து ஊதினார்கள். காய்ந்ததும் சுருளை ஊக்குகளில் வைத்துத் தட்டினாள். அது பிய்த்துக்கொண்டு சுற்றியது.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. பெரிய சாரும் கைதட்டினார். ஆனால் சொன்ன சொல் மாறாதவர். திங்கட்கிழமை அந்த அறைக் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது, சாவி அவர் இடுப்புக் கொத்தில்.

சனிக்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல வந்துவிட்டார்கள். மைதானம் என் ராஜ்ஜியம், அங்கே போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பிள்ளைங்க அறை. அவங்க எதுக்கு வெளிய போகணும்?" என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, வகுப்பு ஆரம்பிக்கும் அதே குரலில் கேட்டாள். "எதை எடுத்தாலும் முதல்ல என்ன பாக்கணும்?"

பூட்டு என்னவோ யானைப் பூட்டுதான். அது தொங்கிய நாதாங்கியை, மாட்ட வந்த தச்சர் அவசரத்தில் வெளிப்பக்கமிருந்து நான்கு திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போயிருந்தார். மிளகு கையை நீட்டினாள், டீச்சர் திருப்புளியைக் கொடுத்தாள். முதல் மூன்றும் மறுபேச்சில்லாமல் வந்தன. நாலாவது, தச்சர் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட துருப்பிடித்த பழைய திருகாணி, அடம்பிடித்தது. அப்போதுதான் நடைவழியின் அந்தக் கோடியில் வெளிச்சம் ஆடியது. இருட்டில் கால் தடுக்காமலிருக்க செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பெரிய சார் வந்துகொண்டிருந்தார். என் கை விசிலுக்குப் போனது, ஊதி யாரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என்ன நடக்குது இங்க?"

"வகுப்பு நடக்குது சார்" என்றாள் டீச்சர். "அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. திருகாணித் தலை தெரியல."

அவர் காட்டினார். என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் காட்டியிருப்பார். கோபத்தில் கையை வீசியதால் வெளிச்சம் கதவெல்லாம் அலைந்தது.

"ஆட்டாம பிடிங்க சார்" என்றாள் திருப்புளி டீச்சர்.

அவர் ஆட்டாமல் பிடித்தார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை என்பது மட்டும் தெரிந்தது. மிளகு முழங்கையைக் கதவில் ஊன்றி, மூச்சை அடக்கித் திருகினாள். திருகாணி கீச்சென்று கழன்றது. நாதாங்கியை, பூட்டு பூட்டியபடியே, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய இன்னொரு கையில் வைத்தாள்.

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகல சார். ஒரு கீறல் கிடையாது."

பிள்ளைகள் உள்ளே போனார்கள். டீச்சர் வாசலில் நின்று, வருவதானால் அவரும் வரலாம், ஆனால் சும்மா பார்க்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். அவர் வரவில்லை. ஆனால் அந்தக் கதவில் மறுபடி பூட்டு ஏறவும் இல்லை. நான்கு திருகாணிகளும் மிளகின் ஜாமெட்ரி பாக்ஸில், நெயில் பாலிஷுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. தினமும் காலையில் நான் அவள் நகத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறேன்.