இடக்காதில் வந்த குழல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்படியான கதைகளை நம்புகிற ஆள் இல்லை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் படம் வரைகிறேன், வாய்க்கால், மதகு, குளக்கட்டு என்று. அளவுகோலுக்குள் வராத எதையும் தாளில் போட எங்களுக்கு அனுமதி இல்லை, அந்தப் பழக்கம் மனதுக்குள்ளும் வந்துவிட்டது. பேயைக் கண்டேன், சாமி கூப்பிட்டது என்று யாராவது தொடங்கினால் நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். அதனால் நீங்கள் இதை வாசித்துவிட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் இடக்காது கேட்காது. ஏழு வயதில், நாங்கள் கிளிவெட்டியில் இருந்த காலத்தில், கூகைக்கட்டு வந்து கன்னம் இரண்டும் வீங்கிக் கிடந்தேன். வீக்கம் வற்றியபோது காது போயிருந்தது. நரம்பு செத்துவிட்டது, கருவி பூட்டினாலும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காதோடு வாழ்வது அப்படி ஒன்றும் பெரிய துன்பம் இல்லை, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. யாராவது "சுலோ" என்று கூப்பிட்டால் ஒரு வட்டம் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். கலியாணமான புதிதில் என் கணவர் அந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காகவே சந்தியில் நின்று கூப்பிட்டுவிட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

பாட்டுப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நாற்பது வயதுக்குப் பிறகு. பிடிக்க வைத்தவள் ஃபர்சானா. கிண்ணியாவிலிருந்து வருகிறவள், எனக்கு அடுத்த மேசை, என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய அண்ணன், அவள் சொல்லுகிறபடி நானா, கட்டாரில் வேலை செய்கிறார், அவர் ஊருக்கு வந்தபோது கட்டைவிரல் அளவில் ஒரு சின்னச் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தார். டொங்கிள் என்பார்கள். ஒரு பக்கத்தைப் போனில் செருகவேண்டும், மறுபக்கத்தில் வயர் வைத்த இயர்ஃபோனைச் செருகவேண்டும். போனுக்குள் இருக்கிற பாட்டு வெறும் எண்களாம், அதைச் சத்தமாக மாற்றுகிற வேலையைப் போன் அவசரமாகச் செய்யுமாம், இந்தச் சாமான் நிதானமாகச் செய்யுமாம். நான் நம்பவில்லை. அவள் என் வலக்காதில் ஒன்றைச் செருகி வீணை ஒன்றைப் போட்டுவிட்டாள். தந்தியில் விரல் உரசுகிறது கேட்டது. வாசிக்கிறவர் இருக்கையில் அசைகிறது கேட்டது. அடுத்த மாதமே எனக்கும் ஒன்று வேண்டும் என்று நானாவுக்குச் சொல்லி எடுப்பித்துவிட்டேன்.

ஆனால் அதில் எனக்கு ஒரு நட்டம் இருந்தது. பாட்டுகளில் வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். வெறும் போனில் கேட்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்து தருகிற வசதி இருக்கிறது, நான் எப்போதும் அதைப் போட்டே வைத்திருப்பேன். டொங்கிளில் அது வேலை செய்யவில்லை. ஃபர்சானா போட்டுத்தந்த செயலி போனின் கலப்படம் எதையும் சேர்க்காமல் பாட்டை நேராக அனுப்புமாம். அதனால் எனக்கு வலப்பக்கம் மட்டும்தான் கிடைக்கும்.

"அக்கா, நீங்கள் பாதிப் பாட்டுத்தான் கேக்கிறீங்கள்" என்று அவள் கவலைப்படுவாள்.

"பாதியே இவ்வளவு நல்லா இருக்கு" என்று நான் சொல்லுவேன். பொய் இல்லை, அப்போது அது எனக்குப் போதுமாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் புதன்கிழமை. காலையில் அவள் என் போனில் ஒரு புதுப் பதிவை ஏற்றிவிட்டாள், அவளுடைய நானா எங்கேயோ தேடிப் பிடித்த பழைய இசைத்தட்டில் இருந்து எடுத்ததாம், இரண்டு பேர் வாசிக்கிறார்கள், பாட்டு இல்லை, ஆறு நிமிடம். "கேட்டுட்டுச் சொல்லுங்கள்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து நாலரை மணிக்கு இரண்டு பேரும் உள்துறைமுகப் பக்கம் இறங்கி நடந்தோம். அவளுக்குக் கிண்ணியா பஸ் வர நேரம் இருந்தது. நல்ல வெயில், ஆனால் காற்று. எதிர்க்கரையில் ஒரு கப்பல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரைப் பார்த்த சீமெந்து வாங்கில் இருந்தேன், அவள் கச்சான் கடலை வாங்கப் போனாள். நான் போனில் டொங்கிளை மாட்டி, இரண்டு காதிலும் இயர்ஃபோனைச் செருகினேன். இடப்பக்கத்தையும் ஏன் செருகுகிறாய் என்று கேட்பீர்கள். தொங்கவிட்டால் வயர் ஆடி இழுக்கும், அதனால்தான்.

வீணை தொடங்கியது. வலக்காதில், வழமைபோல.

பிறகு யாரோ புல்லாங்குழல் வாசிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரோ வந்து இருந்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், என்னடா இது, நல்ல பாட்டுக் கேட்கிற நேரத்தில் என்று திரும்பிப் பார்த்தேன். வாங்கில் ஒருவரும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிமான் ஐஸ்கிரீம் சுற்றின கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது, எங்கள் ஊரில் அது ஒரு புதினமும் இல்லை. அந்த மானைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன். வட்டம் சுற்றவில்லை, தேடவில்லை, நேராக இடப்பக்கம். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சத்தத்துக்காக நான் இடப்பக்கம் திரும்பினதே இல்லை.

குழல் நிற்கவில்லை. வலப்பக்கம் வீணை ஏதோ கேட்க, இடப்பக்கம் குழல் பதில் சொல்லியது, நடுவில் என் தலை ஒரு பெரிய மண்டபம்போல் திறந்து கிடந்தது. உங்களுக்கு இரண்டு காதும் கேட்கும் என்றால் இது விளங்காது. ஒரு சுவரோடு ஒட்டி வாழ்ந்தவளுக்கு அந்தச் சுவர் இல்லாமல் போனதுபோல. பயம் வந்திருக்கவேண்டும், வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடியது, அந்த வழியால் சைக்கிளில் போன ஐயா ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வாசிப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஃபர்சானா கச்சானோடு வந்து தோளைத் தொட்டாள். இயர்ஃபோனைக் கழற்றினேன்.

"என்னக்கா, அழுறீங்களா?"

"அந்தக் குழல், ஃபர்சானா. அந்தக் குழல்!"

அவள் முகம் மாறியது. "குழல் உங்களுக்கு எப்படிக் கேட்டது? அது இடப்பக்கத்தில மட்டும்தானே இருக்கு. உங்களுக்குக் கேக்காதெண்டு கவலைப்பட்டுக்கொண்டுதான் வந்தனான். மாத்திச் செருகிக் கேட்கச் சொல்லுவம் எண்டு."

"மாத்தேல்லை. இஞ்ச, இந்தக் காதாலதான் கேட்டனான்."

அவள் என் இயர்ஃபோனை வாங்கித் தன் காதுகளில் செருகிப் பாட்டைத் திரும்பப் போட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். வலப்பக்கத்தை எடுத்துவிட்டுக் கேட்டாள். இடப்பக்கத்தை விரலால் தட்டினாள், வயரை ஆட்டினாள்.

"அக்கா, இது வேலை செய்யுதில்லையே. இடப்பக்கம் செத்துப்போய்க் கிடக்கு. வீணை மட்டும்தான் வருது."

எப்போது செத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்காத காதில் கிடக்கிற இயர்ஃபோன் பழுதாகினால் யார் சொல்லுவார்கள்? மாதக் கணக்காகக்கூட இருக்கலாம்.

ஃபர்சானா தன்னுடைய பையிலிருந்து தன் இயர்ஃபோனை எடுத்து என் டொங்கிளிலேயே செருகினாள். "நீங்கள் கேட்டதைப் பாடிக் காட்டுங்கள்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு முனகினேன். எனக்குப் பெரிய சங்கீத ஞானம் இல்லை, ஆனால் கேட்டது அப்படியே நின்றது, முதலில் ஏறி, ஓரிடத்தில் தயங்கி, பிறகு சின்னப் பிள்ளை படியால் குதித்து இறங்குவதுபோல் இறங்கும். அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் தயங்கின இடத்தில் அவளுடைய கை என் கையை இறுக்கிப் பிடித்தது. "அல்லாஹ்வே," என்றாள், "ஒண்டும் பிசகேல்லை அக்கா." அவளுடைய கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றதை நான் கண்டேன். பிறகு இரண்டு பேருமாகச் சிரிக்கத் தொடங்கினோம், கச்சான் எல்லாம் நிலத்தில் கொட்டுண்டது, மானுக்கு அன்று கொண்டாட்டம். கிண்ணியா பஸ் போய்விட்டது, அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுடைய நல்ல இயர்ஃபோனை என் காதில் மாட்டி ஐந்து தரம் போட்டுப் பார்த்தோம். இடப்பக்கம் ஒன்றும் இல்லை. பழைய சுவர் திரும்பி வந்து நின்றது.

வீட்டுக்குப் போய்க் குசினிக்குள் வைத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர், என்னைவிட மோசமான நம்பாத ஆள். "கதை விடாதை" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீற்றரை எடுத்துவந்து வயரைச் சோதித்தார், பிறகு பிளேட்டால் கீறித் திறந்து காட்டினார். இடப்பக்கத்துச் செம்புக் கம்பி ஓரிடத்தில் துண்டாய் அறுந்து, பச்சை பிடித்துப் போயிருந்தது.

"இது இண்டைக்கு நேற்று அறுந்ததில்லை. பச்சை பிடிச்சிருக்கு, பார். இதால ஒரு சத்தமும் போக ஏலாது."

"அப்ப நான் கேட்டது?"

அவர் அறுந்த இரண்டு நுனியையும் விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "சுலோ, நீ பொய் சொல்லுற ஆள் இல்லை. எனக்கு விளங்கேல்லை, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். பதினெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் என் காதைப் பற்றி அவர் அப்படிக் கேட்டது அன்றுதான். அடுப்பை நிற்பாட்டிவிட்டு இரண்டு பேரும் இருந்து கதைத்தோம், கறி அரைகுறையாகவே கிடந்தது, அன்றிரவு பாணும் வாழைப்பழமும்தான்.

காது வைத்தியரிடமும் போனேன். மணிக்கணக்காய்ச் சோதித்தார். சோதனைத் தாளில் இடப்பக்கத்துக் கோடு அடியிலேயே கிடந்தது, ஒரு மாற்றமும் இல்லை. வலப்பக்கச் சத்தம் எலும்பு வழியாகப் போய்ச் சிலவேளை மற்றப் பக்கம் கேட்பதுபோல் தோன்றும் என்றார். வலப்பக்கத்தில் குழலே இல்லை டொக்டர் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப நல்ல பாட்டு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது எந்தப் பாட்டையும் இரண்டு தரம் கேட்கிறேன். முதல் தரம் வலப்பக்கத்தை, பிறகு இடப்பக்கத்து இயர்ஃபோனை எடுத்து என் நல்ல காதில் செருகி மற்றப் பாதியை. இவ்வளவு நாளும் எவ்வளவு பேர் எனக்காக மறுபக்கத்தில் இருந்து வாசித்திருக்கிறார்கள் என்று நினைக்கச் சிரிப்பாக வரும். பழைய பாட்டெல்லாம் எனக்கு இப்போது புதுப்பாட்டு. அந்தப் புதன்கிழமை இல்லாவிட்டால் பாதியே போதும் என்று செத்திருப்பேன்.

ஒன்றை மட்டும் நான் கணவருக்கும் சொல்லவில்லை, ஃபர்சானாவுக்கும் சொல்லவில்லை. அந்தப் பதிவு முடிந்து, போன் திரையில் பாட்டு நின்றுவிட்டது. நான் பார்த்தேன், ஓடுகிற கோடு கடைசியில் போய் நின்றிருந்தது. வலக்காதில் ஒன்றும் இல்லை. இடக்காதில், மிகக் கிட்ட, ஒருவர் மூச்சு இழுத்தார். வாசிக்கிறவர் இளைப்பாறுகிற மூச்சு இல்லை அது. பேசப் போகிறவர், முதல் சொல்லுக்கு முன்னால் இழுப்பாரே, அந்த மூச்சு.

அந்த நொடியில்தான் ஃபர்சானா என் தோளைத் தொட்டாள், நான் இயர்ஃபோனைக் கழற்றினேன்.