சட்டைப் பொத்தானில் கட்டிய கயிறு

“எனக்குத் தூக்கத் தெரியாது. கழுத்து நிக்காத குழந்தை வேற,” என்றார் லிப்ட்காரர்.

தூக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் மனைவி வெந்நீர் கொதித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவம் முடிந்து மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள். முதல் பேரன். அந்தப் பிள்ளை கொட்டாவி விட்டதையே போனில் பத்துப் பேருக்குச் சொன்ன வீடு அது.

“நம்ம மகளைத் தூக்கினீங்களே, அவ கழுத்து என்ன இரும்புலயா இருந்துச்சு?”

“அது வேற.”

எது வேறு என்று மனைவிக்குத் தெரியும். சர்ச்சில் சபை முழுக்கத் தெரியும். மகள் நடை பழகிய காலத்தில் நடந்தது அது.

லிப்டின் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் லிப்ட் நகரக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு மாடிக் கதவிலும் காவலாக ஒரு சுவிட்சு உண்டு. எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மெக்கானிக்குகள் உச்சியில் இருக்கிற மிஷின் ரூமில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு அந்தக் காவலைத் தூங்க வைப்பார்கள். வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். லிப்ட்காரர் ஒருநாள் மறந்தார். கூட வேலை பார்த்த நண்பன் கீழே கதவைத் திறந்து, லிப்ட் நிற்கிறதே என்று நம்பிக் காலை வைத்தான். கதவு திறந்தது திறந்தபடி இருக்க, லிப்ட் கிளம்பிவிட்டது.

உயிர் தப்பியது. இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே அந்த மனிதன் தனக்குத்தானே ‘ஒன்றரை’ என்று பேர் வைத்துக்கொண்டான். இன்றுவரை அதுதான் பேர்.

அன்றிலிருந்து லிப்ட்காரர் சோதனைக்குப் போடுகிற ஒயரில் ஒரு கயிற்றைக் கோத்து, மறுமுனையைத் தன் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொள்வார். பிடுங்காமல் நகர்ந்தால் சட்டை இழுக்கும். தானே பழுது பார்க்கிற லிப்டில் தான் ஏறுவதில்லை, படிதான். வெள்ளிக்கிழமை உபவாசம். சபையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பெஞ்சு துடைப்பார். போதகர் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். அது பக்கத்தில் இருப்பவருக்கு எழுதிய சீட்டு, தவறித் தன் கைக்கு வந்துவிட்டது என்பது போல.

அவர் மனதில் வேறொரு பிரசங்கம் முள்ளாகத் தைத்து நின்றது. வேதத்தில் வரும் ஒரு ராஜா பாவம் செய்தார். செத்தது அவருடைய பச்சைப்பிள்ளை. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்ட அன்றைக்கே அவருக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகத்தான் பேரனைப் பார்த்தார். தொட்டால் ஆண்டவர் கண்ணில் பட்டுவிடும் என்று பயம். ‘ஓ, இவனுடையதா இது?’ என்று கேட்டுவிட்டால்?

“அவளைப் படியில வரச் சொல்லலாமா?” என்றார்.

“வயித்துல தையல் போட்டவ நாலு மாடி ஏறுவாளா? உங்களுக்கு என்ன ஆச்சு?”

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிப்ட் சில நாளாகவே மூன்றாம் மாடியில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. இவருக்கு ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் நெஞ்சும் கூடவே நின்றது. மகள் வருவதற்குள் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று மிஷின் ரூமுக்கு ஏறினார். நேற்று பார்த்தார். முந்தாநாளும் பார்த்தார். சிவப்பு ஒயரைக் குறுக்கே போட்டார், கயிறு பொத்தானில்தான் இருந்தது. மோட்டார் உறுமியது. கிரீஸ் வாடை. ஓட்டை வழியே கீழே பார்த்தால் குழி, கிணறு மாதிரிக் கறுப்பாக.

“ஏங்க! கார் வந்துடுச்சு!” என்று மனைவி படியேறி வந்தார். கையில் புதுச் சட்டை. “அந்த அழுக்குச் சட்டையோட என் பேரன் முன்னாடி நிக்காதீங்க. கழட்டுங்க அதை. சீக்கிரம்!”

கழற்றினார். ஆணியில் மாட்டினார். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டே படியில் ஓடினார், மனைவி பின்னாலேயே.

கீழே மகள் காரிலிருந்து இறங்கி, துணி மூட்டை போல் பேரனை மார்போடு அணைத்தபடி வந்தாள். ஒன்றரை ஏற்கெனவே வந்து, தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“வாடா தாத்தா! மூஞ்சி என்ன, வரி கட்டப் போறவன் மாதிரி இருக்கு? சட்டை மட்டும் மாப்பிள்ளை கணக்கா...” ஒன்றரையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் புதுச் சட்டையின் பொத்தானில் இருந்தது. கயிறு இருந்த அடையாளம்கூட இல்லை. “லிப்டு வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்னு இப்பத்தானே உன் வீட்டுக்காரி போன்ல சொன்னா? கயிறு எங்கடா?”

லிப்ட்காரர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். மகள் அதற்குள் லிப்ட் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு கால் வாசற்படியைத் தாண்டப்போகிறது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

ஒன்றரையின் தடிதான் குறுக்கே பாய்ந்தது. “நில்லும்மா!” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தார். குழந்தையோடு மூன்று பேரும் சுவரில் மோதி நின்றார்கள். மேலே யாரோ பட்டனை அழுத்தினார்கள். கதவு திறந்திருக்க, லிப்ட் தன்பாட்டுக்கு மேலே போனது. அது நின்ற இடத்தில் இருட்டு. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்து எல்லார் முகத்திலும் பட்டது. குழந்தை ஒரு தும்மல் போட்டது.

லிப்ட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்துடுச்சு,” என்றார். “என்னைத் தேடி வந்துடுச்சு. நான் செஞ்சது. இவ்வளவு உபவாசம், இவ்வளவு கயிறு, எல்லாம் பண்ணியும் என் கையாலயேதான்டா...”

“முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. மேல போய் அந்த ஒயரைப் பிடுங்கிட்டு வா. அப்புறம் உட்கார்ந்து அழு.” ஒன்றரை கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றார். “ரெண்டு தடவையும் நான்தான் கிடைச்சேனா உனக்கு? வேற ஆளே இல்லையா?”

போனார். பிடுங்கினார். திரும்பி வந்தபோது ஒயர் கையில் தொங்கியது, பாம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் மாதிரி. மகளைப் படியடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

“இங்க பாரு,” என்றார் ஒன்றரை. “உன்னை நான் எப்ப மன்னிச்சேன்னு தெரியுமா?”

“நீ நல்லவன். அது வேற.”

“என்னடா வேற? காலை எடுத்த அன்னிக்கே மன்னிச்சேன். அப்ப உன் சட்டையில கயிறு இருந்துச்சா? பெஞ்சு துடைச்சியா? பயந்துபோய் மாமனார் வீட்டுல ஒளிஞ்சிருந்த. வந்து ஒரு வார்த்தை கேக்கல. கேக்காதவனுக்கே குடுத்தேன். அரைக்கால் ஆளு எனக்கே அவ்வளவு மனசு இருந்தா, உனக்காகச் சிலுவையில தொங்கினவரு, உன் கயித்தைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னா உக்காந்திருப்பாரு?”

லிப்ட்காரர் கையிலிருந்த ஒயரைத் தூக்கிக் காட்டினார். “அப்ப இதுல கயிறு கட்டுறதை விட்டுடவா?”

“ஐயையோ, வேலைக்குப் போகும்போது கட்டுடா! சட்டையையும் கழட்டித் தொலைக்காத. அது லிப்டுக்கு. ஆண்டவருக்கு எதுக்குக் கயிறு?”

மனைவி அழுதுகொண்டே சிரித்தார். லிப்ட் குழிக்குள் கம்பிகள் இன்னும் லேசாக ஆடுகிற சத்தம் கேட்டது. லிப்ட்காரர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொன்னார். எப்போதும் அவர் ஜெபம் நீளமாக இருக்கும். அன்றைக்கு இரண்டு வார்த்தைதான் இருக்கும். ஒயரை ஒன்றரையிடம் கொடுத்தார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“அப்பா, கையை நீட்டுங்க,” என்றாள் மகள்.

நீட்டினார். குழந்தை அவர் முழங்கையில் தலை வைத்து, யாரென்று பார்ப்பது போல் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. கை கிடுகிடுவென்று ஆடுவதைக் கண்டு மகள் பதறிக் குனிந்தாள். அப்போது அவர் சொன்னார்:

“நடுங்குதும்மா. கீழ கை குடுத்துக்கோ. ஆனா வாங்கிடாத.”