மெஷினுக்கு வைத்த பொட்டு

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, எனக்குக் கல்யாணமான வருஷம். என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். நான் வடமதுரைப் பக்கம் அஞ்சாவது வரை படித்தவள். நாலு ஆம்பளைகள் இருக்கும் இடத்தில் பேச்சே வராது.

ஆயுதபூஜை அன்று காலை மெஷின் ரூமைத் துடைக்க என்னையும் கூட்டிப் போனார். அவர் பூ வாங்கப் போன நேரத்தில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். எங்கள் வீட்டில் ஏர், மண்வெட்டி, அரிவாள் எதையும் விடமாட்டோம். அதுபோல மெஷினின் ஒவ்வொரு உறுப்புக்கும் பொட்டு வைத்தேன். கீழே ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே ஒரு பல்பும், எதிரே சுண்டுவிரல் நகம் அளவு கண்ணாடியும். அதை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் வைத்துச் சாத்திவிட்டேன்.

மதிய ஆட்டத்துக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. நானும் மெஷின் ரூம் மூலையில் உட்கார்ந்திருந்தேன். படம் ஓடியது, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. கீழே ஒரே விசில். அவர் ஒயரை இழுத்துப் பார்த்தார், சத்தப் பெட்டியின் வால்வைத் தட்டிப் பார்த்தார். அந்தச் சின்னக் கதவையும் திறந்து, பல்பு எரிகிறதே என்று சாத்திவிட்டார். அந்த வெளிச்சத்தில் என் பொட்டு எனக்குத் தெரிந்தது. அதனால் இருக்குமோ? கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்குள் முதலாளி மேலே வந்துவிட்டார். தோல் பதனிடும் ஷாப்பும் நடத்திய பாய். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த விசில் சத்தத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? "பண்டிகை நாள்ல மானத்த வாங்கிட்டியேப்பா. சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றார். என் வீட்டுக்காரர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாவியை எடுத்தார்.

"அந்தக் கண்ணாடிக்கு நாந்தான் பொட்டு வச்சேன்" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து அந்தச் சின்னக் கதவைத் திறந்து வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்தார். பாதிப் பாட்டிலிருந்து கொட்டகை முழுக்கச் சத்தம் கொட்டியது. கீழே கைதட்டல். பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நல்ல வேளைப்பா, ஒங் கண்ணுக்குள்ள வைக்காம விட்டுச்சே இந்தப் புள்ள" என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

வீட்டுக்கு நடக்கையில் அவர் விளக்கினார். பிலிம் ஓரத்தில் சத்தத்தைக் கோடாகப் பதித்திருப்பார்களாம். அந்தப் பல்பின் வெளிச்சம் கண்ணாடி வழியே வந்து, அந்தக் கோட்டைக் கடந்து, பல்பு மாதிரி ஒரு குமிழில் விழுமாம். வெளிச்சம் பட்டால் அதில் கரண்டு பிறக்குமாம். கோடு மாற மாற வெளிச்சம் கூடிக் குறைய, கரண்டும் கூடிக் குறையுமாம். அதுதான் நாம் கேட்கும் பேச்சும் பாட்டும்.

"வெளிச்சத்துல இருந்து கரண்டு வருமா? என்னைய ஏமாத்தாதீக" என்றேன். சந்தனம் அப்பினால் வராது என்றார்.

இப்போதும் கூட்டத்தில் எனக்குப் பேச வராது. ஆனால் தப்பு செய்துவிட்டால் மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன். நான் வெட்கப்பட்டு நிற்கும் செத்த நேரத்தில் வேறொருவர் பிழைப்பே போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அல்லவா.