முள்ளிப்பட்டுக்கு ஒரு நேரடி லைன்

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கவும் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கவும் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள், லேமினேஷன் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிற சார்ட் யாருடையது என்று. இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம், நடுவில் சிவப்புப் பட்டு நூல் ஒட்டியிருக்கும். "ஒரு கஸ்டமர் விட்டுட்டுப் போனது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். கடையில் நாலு பேர் நிற்கும்போது சொல்லுகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். இதில் வருகிற சரித்திரமெல்லாம் மூன்று பெண்கள் என் கடையில் உட்கார்ந்து பேசிக் கேட்டது.

மூவரில் ஒருத்தி என் மகள். அப்போது பிளஸ் டூ, வரலாறு குரூப். மற்ற இருவரில் ஒருத்தி சேவூர், இன்னொருத்தி முள்ளிப்பட்டு. அவர்களுடைய மிஸ்ஸே ஊர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், நானும் அப்படியே எழுதுகிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு இவர்களுக்கு வந்த தலைப்பு, வல்லரசுகளின் போட்டியும் அணு ஆயுத பயமும். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, இருக்கிற இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் நாளே பாகம் பிரித்தார்கள்.

"நான் அமெரிக்கா" என்றாள் என் மகள்.

"அப்ப நான் ரஷ்யா. இருந்ததுலயே பெரிய பாம் எங்கிட்டதான் இருந்துச்சாம், பாத்துப் பேசு" என்றாள் சேவூர்.

"எனக்கு இன்னாடி?" என்று கேட்டாள் முள்ளிப்பட்டு.

"நீ நடுவுல நின்னுகினு ரெண்டு பேருக்கும் காபி குடு" என்றாள் சேவூர்.

கடைசியில் நடுவில் இருந்ததைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைகள், ஒப்பந்தங்கள், அப்புறம் இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே போட்ட நேரடி லைன். அவள் அதிகம் பேசாத பெண். கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா வளைகுடாப் பக்கம் ஒரு குடோனில் வேலை பார்த்தார். அம்மா வீட்டுத் தறியில் நெய்கிறவர். அப்பா கிளம்பிப் போனபோது இவள் சின்னப் பெண். நடுவில் ஓரிரு முறை வந்து போனதோடு சரி. ஆனால் தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடும். ரோஜாப்பூ, தாமரை, ஆவி பறக்கிற டீ டம்ளர், மயிலோடு முருகன். எல்லாவற்றின் மேலும் 'காலை வணக்கம்' என்று எழுதியிருக்கும். வேறு ஒரு வார்த்தை இருக்காது.

சேவூருக்கு அது ஒரு விளையாட்டு.

"ஏண்டி, இன்னிக்கு இன்னா பூவு அனுப்பினாரு ஒங்கப்பா?"

"செம்பருத்தி."

"நேத்து ரோஜா, முந்தாநாள் தாமரை. மார்க்கெட்ல ஒரு பூக்கடையே போட்டுடலாம்டி."

"நான் ம்யூட்ல போட்டு ரொம்ப நாளாச்சு. ஃபோன் நெறஞ்சு போவுது, பேஜாரு" என்று இவளும் சிரிப்பாள்.

இப்படியிருக்க ஒருநாள் அந்த நேரடி லைனைப் பற்றிய பக்கத்தைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ். முள்ளிப்பட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, மற்ற இருவரும் எழுதினார்கள். நான் பக்கத்தில் ஒருவருடைய ரேஷன் கார்டை லேமினேட் பண்ணிக்கொண்டே கேட்டேன். இரண்டு நாடுகளும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்து நின்ற ஒரு சமயத்தில், ரஷ்யா அனுப்பிய செய்தி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து புரிவதற்கே ஏறக்குறைய அரை நாள் ஆனதாம். அந்த அரை நாளுக்குள் யாராவது அவசரப்பட்டிருந்தால் உலகம் போயிருக்கும். அந்த பயத்தில்தான் கடலுக்கு அடியில் ஒயர் இழுத்து லைன் போட்டார்கள். அது பேசுகிற போன்கூட இல்லை. டைப் அடித்தால் அந்தப் பக்கம் எழுத்தாக வரும் மிஷின்.

"இதைக் கேளுங்கடி. லைன் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு மணிக்கு ஒருவாட்டி டெஸ்ட் மெசேஜ் அனுப்பிகினே இருப்பாங்களாம். அரசியல் ஒண்ணும் இருக்காதாம். கதையில வர்ற வரிங்க, சூரியன் எப்பிடி மறையுது, அந்த மாரி" என்றாள் முள்ளிப்பட்டு.

"ஒரு விஷயமும் இல்லாம சும்மாவா அனுப்புவாங்க?" என்று நான் கேட்டேன்.

"ஆமா அங்கிள். சும்மா வர்ற வரைக்கும் லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். வரலைன்னாதான் பயப்படணும்."

சொல்லிவிட்டு அவள் அந்த வரியைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து ஏதோ செய்தாள். ம்யூட்டை எடுத்துவிட்டாள் என்று என் மகள் அப்புறம் சொன்னாள்.

சில வாரங்களில் அந்த வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதுவரைக்கும் இந்தப் பெண்கள் படித்ததெல்லாம் தாத்தா காலத்துக் கதை. இப்போது அதே ஏவுகணை, அதே சைரன், அதே வல்லரசுகள். அதற்குக் கீழே இவளுடைய அப்பா. அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார், கடையில் போட்டுக் காட்டினாள்.

"இங்க ஒண்ணும் இல்ல பாப்பா. மேல பட்டாசு மாரி வெடிக்குது, அவ்ளோதான். நீ நியூஸ் பாத்துகினு இருக்காத, படிக்கற வேலயப் பாரு."

ஒருநாள் காலையில் படம் வரவில்லை. அன்றைக்குப் பள்ளிக்குப் போகாமல் என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய் ஏடு கட்டியது. மத்தியானம் போன் சத்தம் போட்டது. ஒரு மயில், ஒரு ரோஜா, ஒரு டீ டம்ளர், மூன்றும் ஒன்றாக வந்தன. அங்கே நெட்வொர்க் இல்லாமல் காலையிலிருந்து மூன்று தடவை அனுப்பிப் பார்த்தாராம். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த டீ டம்ளர் படத்தை ஒரு கலர் பிரிண்ட் கேட்டாள், போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவளும் அனுப்ப ஆரம்பித்தாள். பூ இல்லை. தினமும் சாயங்காலம் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று. 'தெருவுல தறிக்குப் பாவு நூல் இழுத்துகினு இருக்காங்க. மழ வர்ற மாரி இருக்கு.' 'பஸ்ல பெரியவர் ஒருத்தர் கோழிய மடியில வச்சுகினு வந்தாரு. கோழி தூங்கிடுச்சு.' கோழி மெசேஜ் போன அன்று அவர் பயந்துபோய் போன் பண்ணிவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு? கோழியப் பத்தி எதுக்கு அனுப்பின?"

"டெஸ்ட் மெசேஜுப்பா. நீ காலைல அனுப்பறல்ல, அது மாரி. வந்துச்சுன்னா லைன் ஓகேன்னு போடு, போதும்."

அதற்கப்புறம் தினமும் அவரிடமிருந்து இரண்டே வார்த்தை வரும், 'லைன் ஓகே'. சேவூர்கூடக் கிண்டல் பண்ணுவதை விட்டுவிட்டாள். கடைக்குள் நுழையும்போதே, "லைன் ஓகேவாடி?" என்பாள். "ஓகே" என்று பதில் வந்தால் அன்றைக்கு வேலை ஜல்தியாக நடக்கும்.

சார்ட்டை அவள்தான் செய்தாள். வீட்டுத் தறியிலிருந்து கழிவு நூல் கொண்டுவந்து, இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே ஒட்டினாள். கண்காட்சி அன்று நானும் கடையை அரை நாள் மூடிவிட்டுப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் இவர்கள் மேஜைக்கு வரவே இல்லை. நேராக அறிவியல் பக்கம் போய்விட்டார்.

"உலகமே அழிஞ்சிருக்கும்னு சொல்றதுக்கு நாம நின்னுகினு இருக்கோம், அந்தாளு ரோபோ கூட கை குலுக்கறாரு பாரேன்" என்றாள் சேவூர். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படி அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அப்போது அங்கே சண்டை நின்றிருந்தது. அவள் அப்பாவுக்கு லீவும் கிடைத்திருந்தது, பரீட்சை முடியும்போது வருவதாகச் சொல்லியிருந்தார். சார்ட்டைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"அங்கிள், இது இங்கயே இருக்கட்டும். எங்க வீட்ல எலி கடிச்சிடும். அப்பா வந்ததும் இங்கயே இட்டாந்து காட்டறேன்."

அன்றைக்கு மாட்டியதுதான்.

அப்புறம் ஒரு காலை. கடையைத் திறந்து மிஷின் சூடாகிக்கொண்டிருக்கும்போதே அவளும் அவள் தாய்மாமனும் வந்தார்கள். அவள் கையில் பிளாஸ்டிக் கவர். அப்பாவின் பாஸ்போர்ட் நகல், ஆதார், ரேஷன் கார்டு.

"அங்கிள், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு."

எனக்கு சந்தோஷம். "அப்பா வர்ற டிக்கெட்டுக்கா பாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவள் கவரிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மாமன்தான் சொன்னார்.

"மச்சான் தவறிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாராம், ஹார்ட்டுன்னு சொல்றாங்க. பாடி வரணும், அதுக்குதான் இந்தப் பேப்பருங்கோ."

குண்டு இல்லை, ஏவுகணை இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, தங்கியிருந்த ரூமில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகப் படம் வராதபோதும் இவர்கள் நெட்வொர்க் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டதே என்கிற தைரியம்.

பாஸ்போர்ட் போட்டோ ஜெராக்ஸில் எப்போதும் கறுப்படித்துவிடும். முதல் காபியில் அவர் முகமே தெரியவில்லை. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, டார்க்கைக் குறைத்து மறுபடி எடுத்தேன். முகம் வந்தது. அவள் அந்தத் தாளை வாங்கி, சூடு ஆறுகிற வரைக்கும் ஊதினாள்.

பாடி வந்து சேரப் பல நாளானது. நடுவில் திருப்புதல் தேர்வு நடந்தது, அவள் எழுதினாள். என் மகளும் சேவூரும் பஸ்ஸில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து போனார்கள். மூவரும் அந்த லைனைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, அப்பாவோடு வந்த பையை அம்மாவும் இவளும் திறந்தார்கள். என் மகள் அப்போது கூட இருந்தாள். சட்டை, லுங்கி, பிரிக்காத ஒரு டப்பா சாக்லேட், அடியில் போன். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. இவள் சார்ஜில் போட்டாள். தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். அதிலிருக்கிற போட்டோக்களைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்றுதான்.

போன் சத்தம் போட ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, நிற்காமல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தறிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருடி இத்தினி அனுப்பறது அவருக்கு? ஆளு இல்லன்ற விஷயம் தெரியாதா அவங்களுக்கு?"

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா" என்றாள்.

செய்தி வந்த அன்றைக்கு அவள் நிறுத்தவில்லை. பாடி வருகிற வரைக்கும் தினம் சாயங்காலம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தன. அம்மா ரசத்தில் உப்பு ஜாஸ்தி போட்டது, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது, கரண்ட் போய்த் தறி ரூமில் மெழுகுவர்த்தி ஏற்றியது. இப்போது ஒவ்வொன்றாக அவர் போனில் வந்து சேர்ந்தன, அவள் போனில் இரண்டாவது டிக் விழுந்தது. அம்மா அந்த போனை வாங்கி மடியில் வைத்து, சத்தம் அடங்குகிற வரைக்கும் கையால் பொத்திக்கொண்டாராம். இவ்வளவும் என் மகள் வந்து சொன்னது.

அவள் பாஸ் பண்ணினாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருவாள், என் மகள் மெட்ராஸில் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். சார்ட் இருக்கிற சுவர் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள். எடுத்துப் போ என்று நானும் சொன்னதில்லை. போன மழைக்கு நூலில் ஒரு முனை பிரிந்து தொங்கியது, பசை வைத்து ஒட்டிவிட்டேன்.

பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கடையில் உங்களுக்கு முன்னால் யாராவது ஒரு அக்கா பிரிண்டுக்காக நின்றுகொண்டிருந்தால், அந்த சார்ட் யாருடையது என்று அப்போது மட்டும் கேட்காதீர்கள். அது அவளாகவும் இருக்கலாம்.