ரத்த சொந்தமா என்று கேட்டார்கள்

செல்விக்கு ஏழாம் மாதம். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றிய இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. மகப்பேறு மருத்துவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, பல் தேய்த்தால் ரத்தம் வருமா என்று கேட்டார். வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வரும். உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தே எங்களை வளர்த்தார்கள்.

பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோட்டு நெரிசலில் அவளை ரத்தவியல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். தட்டணுக்களின் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றார்.

ரத்தக்குழாய் கிழிந்தால் அதன் சுவரிலுள்ள கொலாஜன் (உடலுக்கு உறுதி தரும் நார்ப்புரதம்) வெளியே தெரியும். தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி (பற்றிக்கொள்ளும் புரதம்) அதைப் பிடித்தால்தான் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். ஆய்வகத்தில் ரத்தத்தோடு கொலாஜனையும், திரளவைக்கும் வேறு சில மருந்துகளையும் தனித்தனியே சேர்த்து, அதையே கண்ணாடிக் குழாயில் செய்து பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும்.

"நீங்களே குடுங்க சார். பிளட் ரிலேஷன் இல்லையே?" என்றார் ஆய்வகப் பெண்.

"இல்லங்க. நான் இவ வீட்டுக்காரன்."

செல்வி என் தாய்மாமன் மகள். அது அப்போது எனக்கும் தோன்றவில்லை, பக்கத்திலிருந்த அவளுக்கும் தோன்றவில்லை. தாலி கட்டிய பிறகு யார் அதை ரத்த உறவென்று நினைக்கிறார்கள்? பெரிய காயம் எதுவும் பட்டதில்லை என்பதால் நான் ஆரோக்கியமானவன் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மற்ற மருந்துகளுக்கு இருவர் ரத்தமும் ஒழுங்காகத் திரண்டது. கொலாஜனுக்கு இருவருடையதும் அசையவே இல்லை. நோயில்லாத என் ரத்தமும் திரளாததால் கொலாஜன்தான் கெட்டுவிட்டது, புதியது வந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அது வருவதற்குள், குறைமாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது.

அவளுக்கு ஏற்றத் தட்டணுப் பை எதுவும் தயாராக இல்லை. பெண் குழந்தை பிறந்தது. செல்விக்கு ரத்தம் நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்தார்கள். அவளுக்கு வயது இருபத்துநான்கு.

பிறகு உறவில்லாத வேறொருவர் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடையது மட்டும் கொலாஜனுக்குத் திரண்டது. "உங்க ரெண்டு பேருக்குமே அந்த ஏற்பி இல்ல. பரம்பரையா வர்றது," என்றார் மருத்துவர்.

"குழந்தைக்கு?"

"ரெண்டு பக்கத்துலேருந்தும் குறையான ஜீன்தான் போகும். தப்பிக்க வழியில்ல."

சொந்தத்தில் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆய்வகத்தில் கேட்கும்போது மறக்காமல் சொல்லிவிடுங்கள். எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது. உறவு விட்டுப்போகக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட மொத்த வம்சத்தின் மேலும் இருக்கிறது.

பெயர் வைத்த அன்று அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "ஒத்தப் பொண்ணா இருந்தா என்ன? என் பொண்ணு வயித்துப் பேரனுக்கே கட்டிடலாம். வெளிய எதுக்குப் போவணும்?" என்றார்.

"இது இவளோட முடியட்டும் அத்தை," என்றாள் செல்வி.

"பச்சப்புள்ளைய வச்சிக்கினு என்னா பேச்சு பேசற." அம்மா அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

செல்வி குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு விரல் நகம்தான் வெட்டுகிறாள். வெட்டிவிட்டு அந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். கடைசி விரலுக்கு வருவதற்குள் முதல் விரலில் நகம் வளர்ந்துவிடுகிறது.