அளவு கேட்காத வீடு

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தவன் நான்தான். அறை புழுங்கியது, உள்ளே விசிறி இரைந்துகொண்டே இருந்தது, யன்னலுக்கு வெளியே களப்பின் உப்புத்தண்ணீர் கிடந்தது. காசில்லாமல் வருகிற காற்று, வரட்டுமே என்று பெட்டியின் திறந்த வயிற்றை அந்தப் பக்கம் திருப்பினேன். புத்தளத்துக் கரைத்தீவில் களப்புக் காற்று சைக்கிள் செயினைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும். பெட்டிக்குள் இருப்பதும் இரும்புதான் என்பதை மட்டும் நான் நினைக்கவில்லை.

அந்தக் கணினி என் தங்கச்சியின் பிழைப்பு. புருஷன் விட்டுப்போன பிறகு அவள் என் வீட்டின் பின்னறையில் இருந்தாள். கொழும்பு அலுவலகம் ஒன்றுக்காக, சிங்கள நாடகங்களின் பேச்சைத் தமிழில் எழுதிப் படத்தின் அடியில் பொருத்திக் கொடுப்பாள். வேலை துண்டு துண்டாகத்தான் வந்தது. இப்போது நிரந்தரமாக எடுக்கப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு முழுப் படம் வரும், மூன்று மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். அதுதான் பரீட்சை. பழைய ப்ரொசஸரில் அந்தப் படம் திறப்பதற்குள்ளேயே பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும். வேலை கிடைத்தால் தனி வீடு எடுப்பாள். அரைமூடித் தேங்காயை எடுக்க என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதை அவள் சொன்னதில்லை. அவள் தேங்காய் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது போதும்.

கத்தாரில் இருக்கும் எங்கள் மூத்த நானாவிடம், பெரிய அண்ணனிடம், சொன்னேன். "ப்ரொசஸர் ஒண்டு இருந்தா நல்லம்." அவ்வளவுதான். என்ன மாதிரி, எந்த மதர்போர்டுக்கு, எத்தனை வாட், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டோம். யுத்தத்தில், முஸ்லிம்களென்று எங்களை வடக்கிலிருந்து விரட்டி, நாங்கள் இந்தக் கரையில் வந்து விழுந்த காலத்தில் லொறிகளில் நிவாரணச் சாமான் வரும். சட்டை வரும், சப்பாத்து வரும். வரிசையில் நிற்கும்போது உம்மா என் கையைக் கிள்ளுவா. "அளவு கேக்காத. தாறதை வாங்கு." என் முதல் சப்பாத்துக்குள் பாதி கால், பாதி கடதாசி. அந்தக் கிள்ளல் இன்னும் ஆறவில்லை. தருகிறவனிடம் அளவு சொல்வது எங்கள் வீட்டில் இன்றைக்கும் நன்றிகெட்ட வேலை.

விடுமுறையில் வந்த ஒருவரின் கையில், பால்மாப் பக்கெட்டுகளுக்கு நடுவில், ப்ரொசஸர் வந்து சேர்ந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். தனக்கென்று விரித்த பாயில் படுப்பதுபோல் அது குழியில் படுத்துக்கொண்டது. தங்கச்சி பின்னால் நின்றாள்.

"போர்டுக்கு இது ஒத்து வருமா எண்டு பாத்தீங்களா நானா?"

"உக்காந்திட்டுதே. ஒத்து வராட்டி உக்காருமா?"

"உக்காந்தா போதுமா? பவர் சப்ளை தாங்கோணுமே."

"ஐந்நூறு வாட் எண்டு ஒட்டியிருக்கு. கண்ணால பாரு."

"என்ட கலியாணக் கார்ட்லயும் நல்லதாத்தான் அடிச்சிருந்தாங்க," என்றாள். "பாலாவியில கொம்பியூட்டர் திருத்துற பொம்புளையிட்ட ஒருக்காக் காட்டிட்டு வாங்க."

போனேன், வெறுங்கையோடு. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற எனக்கு வெட்கம். பாலாவிச் சந்தியில், சீமெந்து லொறிகளின் தூசி படிந்த கடைக்குள், அவர் ஒரு மடிக்கணினியைக் குடைந்துகொண்டிருந்தார். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், வெட்டொன்று துண்டு இரண்டாகக் கதைப்பவர். புது ப்ரொசஸர் போட்ட கதையைச் சொன்னேன்.

"போர்ட் நம்பர் என்ன அண்ணே?"

"அவ்வளவு பழசில்ல."

"வயசைக் கேக்கல்ல, நம்பரைக் கேட்டன். நம்பர் இருந்தாத்தானே அந்தப் போர்டு இந்த ப்ரொசஸரை ஏத்துக்கொள்ளுமா எண்டு பாக்கலாம். சரி, ப்ரொசஸருக்குக் கரண்ட் கொண்டு போற வயர் நாலா, எட்டா? நாலெண்டா இதுக்குத் தாங்காது."

"எட்டுப்போல."

"போல. பவர் சப்ளையைக் கையில தூக்கிப் பாத்தீங்களா? நல்லதெண்டா பாரமா இருக்கும். பாண் றாத்தல் மாதிரி லேசா இருந்தா கழட்டி எறிஞ்சிடுங்க, ஸ்டிக்கரை நம்பாதீங்க."

"பாரம்தான்."

"வீடு களப்புக் கரையா? உள்ளுக்குத் துரு இருக்கா?"

"இல்ல."

நான் பார்த்ததே இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவன், தெரியாது என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. "பெட்டியைக் கொண்டு வாங்க அண்ணே, அரை மணித்தியால வேலை," என்றார். ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன், "பாத்தாச்சு. ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

மூன்று நாட்கள் கணினி ஓடியது, அப்படி ஓடியது. தொட்டதும் திறந்தது. தங்கச்சி மூத்த நானாவுக்காக தொழுதுவிட்டு துஆ கேட்டாள், எனக்கு இஞ்சிப் பிளேன்டீ போட்டுத் தந்தாள். நானும் குடித்தேன்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு அவள் எழுத்து வேலை முடிந்துவிட்டது. எழுத்தையும் படத்தையும் ஒன்றாகக் கோர்த்து எடுப்பதுதான் மிச்சம். ப்ரொசஸர் முழு மூச்சில் உழைக்கும் இடம் அதுதான். பொத்தானை அழுத்தினாள். விசிறி அலறியது, திரை கறுத்தது. திரும்பப் போட்டோம், பாதியில் கறுத்தது. மூன்றாம் முறை ஒரு சின்ன வெடிச்சத்தம். அறை முழுக்கத் தீய்ந்த பிளாஸ்டிக் மணம். வெளியே களப்பு ஒன்றும் அறியாததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது வெட்கம் எங்கே போனதோ, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் பாலாவிக்குப் பறந்தேன், தங்கச்சி பக்கத்தில். அந்தப் பெண் பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் தட்டினார். செம்பழுப்பாய்த் துரு கொட்டியது. ப்ரொசஸருக்குப் போனது நாலு வயர்தான். அவை கருகியிருந்தன, போர்டிலும் கறுப்பு. அந்தப் பவர் சப்ளையைத் தங்கச்சியின் கையில் வைத்தார்.

"பாரமே இல்லையே," என்றாள் தங்கச்சி.

"அண்டைக்கே அண்ணனுக்குச் சொன்னன் தங்கச்சி, பெட்டியைக் கொண்டு வாங்க எண்டு. காத்திருந்தன். வரவேயில்ல."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைச் சுவரில் மணி மூன்றேகால்.

அன்று பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மூத்த நானாவின் குரல் போனில் செய்தியாக வந்தது. "சாமான் எப்படி? வேலை செய்யுதா?" "அல்ஹம்துலில்லாஹ், நல்லா" என்று நான் பதில் பதியத் தொடங்கும்போதே அவள் போனைப் பிடுங்கினாள். போர்ட் எரிந்ததை எழுதினாள். எந்த நம்பர் போர்ட், எத்தனை வாட், எட்டு வயர், எல்லாம் எழுதினாள். "அளவு இதுதான் நானா. வேற அளவு அனுப்பவேணாம்." எங்கள் வீட்டில் எழுதப்பட்ட முதல் அளவு அது. நானா பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. இன்றுவரை இல்லை.

அந்த வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி இப்போது காலை பஸ்ஸில் பாலாவிக்குப் போகிறாள், உப்பு பக்கெட் பண்ணும் இடத்துக்கு. பின்னறையில் இன்னும் இருக்கிறாள். தேங்காய் எடுக்கும்போது இன்னும் மனைவியின் முகத்தைப் பார்க்கிறாள். உப்பு அவள் குதிகாலையும் விரலிடுக்கையும் அரித்திருந்தது. புத்தளம் டவுனுக்குப் புறப்பட்ட ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன், "செருப்பு ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன், அளவு என்ன?"

அவள் குனிந்து கால் விரல்களுக்கிடையில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தாறதை வாங்குறன்," என்றாள்.